பாபான் ஊர்த் தாதி

தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்கு இறங்கிச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தாப்பாவை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் பழைய சாலை. மற்றொன்று, பிரிஞ்சாங்கையும் கம்போங் ராஜாவையும் கடந்து சிம்பாங் பூலாயை அடையும் சாலை. தீபாவளிக்குத் துணி எடுக்கவும், திருமணத்துக்கு நகை வாங்கவும், மேல்சிகிச்சை பெறவும் தேயிலைத் தோட்ட மக்கள் ஈப்போவுக்குச் செல்வது வழக்கம். அந்நகரில் ஃபேர் பார்க் என்னும் பகுதியில் ஒரு சாலைக்குச் சிபில் கார்த்திகேசுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. சாலையில் செல்வோருள் பலர் அப்பெயரை முகவரியாக மட்டுமே அறிவர்.

தோட்டப்புறங்களில் தாதியை மிஸ்ஸி என்று அழைப்பது பழைய வழக்கம். மருந்து கொடுக்கும் டிரெசரைவிட, காயத்தைக் கழுவிக் கட்டுப் போடும் மிஸ்ஸியிடமே பிள்ளைகள் அதிகம் ஒட்டிக்கொள்வார்கள். சிபிலையும் மக்கள் அப்படித்தான் அழைத்தனர்.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரும் அவருடைய பெயரோடு சேர்ந்துகொண்டது; அவருடைய முழுப்பெயர் சிபில் மேடான் டேலி. தந்தை ஜோசப் டேலி தோட்டத்துறையைச் சார்ந்தவர். ஐரிஷ் வழிவந்த யுரேசியர். தாயார் பியாட்ரிஸ் பிரெஞ்சு வழிவந்த யுரேசியர்; பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி. ஐந்து பிள்ளைகளில் சிபில் ஒருவரே பெண். தாயைப் பின்பற்றி அவரும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். உலகத் தாதியரை ஒன்றிணைக்கும் அனைத்துலகத் தாதியர் மன்றம் இலண்டனில் உருவானதும் அதே 1899ஆம் ஆண்டில்தான்.

தைப்பிங்கைச் சேர்ந்த ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்னும் மருத்துவரைச் சிபில் மணந்தார். இலங்கை வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்த அவர் இந்து; சிபில் கத்தோலிக்கர். சமய வேறுபாட்டால் பெண் வீட்டில் முதலில் எதிர்ப்பு எழுந்தது. பின்னர்த் தந்தையின் இசைவோடு 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள புனித யோவான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. கணவர் அப்டன் கிளமண்ட் கார்த்திகேசு என்னும் பெயரில் அறியப்படலானார். அவ்வாண்டு ஆகஸ்டில் பிறந்த முதல் குழந்தை மைக்கல் ஒரு நாள்கூட உயிரோடிருக்கவில்லை. எத்தனையோ பெண்களின் பேற்றுவலிக்கு அருகிலிருந்த மருத்துவச்சி, தம் தலைப்பிள்ளையை இழந்தார். அதன்பின் அவர்கள் வில்லியம் என்னும் ஆண் குழந்தையைத் தத்தெடுத்தனர். 1921இல் ஓல்காவும், நீண்ட இடைவெளிக்குப் பின்னர் 1936இல் டானும் பிறந்தனர்.

1926ஆம் ஆண்டில் கணவனும் மனைவியும் ஈப்போ புரூஸ்டர் சாலையில் 141ஆம் எண் கட்டடத்தில் மருந்தகம் தொடங்கினர். அச்சாலை இன்று ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா எனப்படுகிறது. ஈயச் சுரங்கங்களால் ஈப்போ செழித்திருந்த காலம் அது. மலைமேல் கேமரன் பகுதியில் காடு திருத்தித் தேயிலை பயிரிடும் முயற்சிகளும் ஏறத்தாழ அக்காலத்தில்தான் தொடங்கின; போ தோட்டம் 1929இல் உருவாயிற்று. மருந்தகத்துக்கு வந்தவர்களில் சீனர்கள் மிகுதி. சிபில் காண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். நோயாளியின் மொழி தெரிந்த தாதிக்குப் பாதி வேலை எளிதாகிவிடும். வலி எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே பரவுகிறது, நேற்று என்ன சாப்பிட்டார் என்பனவற்றை நோயாளி கூச்சமின்றிச் சொல்வது அவரது சொந்த மொழியில்தான். மொழிபெயர்ப்பவர் நடுவில் நின்றால், குறிப்பாகப் பெண்கள், முக்கியமான ஒன்றை விழுங்கிவிடுவார்கள்.

இவ்வாறு பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. ஒரு நல்ல தாதியின் வாழ்க்கையில் வெளியாருக்குச் சொல்லத்தக்க நிகழ்ச்சிகள் அதிகம் இருப்பதில்லை. பிறந்த குழந்தைகள் வளர்கின்றன. காய்ச்சல் கண்டவர்கள் எழுந்து நடக்கிறார்கள். சிபிலும் அப்படியே முதுமை அடைந்திருக்கக்கூடும். போர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. சில நாள்களில் ஈப்போ நகரின்மீது குண்டுகள் விழுந்தன. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சிற்றூர்களுக்கு ஓடினர். கார்த்திகேசு குடும்பம் நகரை விட்டு வெளியேறிப் பாபான் என்னும் சிற்றூரை அடைந்தது. பாபான் பழைய ஈயச் சுரங்க ஊர், ஒரே கடைத்தெரு, பின்னால் மரங்கள் அடர்ந்த குன்றுகள். அந்தக் கடைத்தெருவில் 74ஆம் எண் வீட்டில் அவர்கள் குடியேறினர். டிசம்பர் மாத இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

ஜப்பானியர் காலம் என்று பெரியோர் இன்றும் குறிப்பிடும் மூன்றரை ஆண்டுகள் தொடங்கின. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாமுக்கு ரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. மருந்துகள் அருகின. மலேரியாவுக்குரிய குவைனா கள்ளச்சந்தைப் பொருளாயிற்று. சத்துணவின்மையால் பெரிபெரி நோய் பரவியது. கால்களில் சிறு கீறல்கூட ஆறாமல் புரையோடி, எலும்பு வரை அரிக்கும் புண்ணாக மாறியது. ஊட்டம் குறைந்த உடலில் புண் ஆறுவதில்லை என்பது தாதியர் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று. அக்காலத்தில் மலாயா முழுவதும் அந்தப் பாடத்தைத் தன் உடம்பிலேயே கற்றுக்கொண்டது.

பாபானில் சிபில் தம் வீட்டையே மருந்தகமாக்கினார். ஊர் மக்களும், நகரங்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களும் பகலில் முன்வாசல் வழியாக வந்தனர். பொழுது சாய்ந்த பிறகு வேறு சிலர் வரலாயினர். அவர்கள் வீட்டின் பின்புறமாக வந்தார்கள். குன்றுகளில் மறைந்திருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் அவர்கள். அப்படையை மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி வழிநடத்தியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சீன இளைஞர்கள்; சிலருக்குப் பள்ளி மாணவர் வயதுதான் இருக்கும். காட்டு வாழ்க்கை அவர்களுக்கு மலேரியாவையும் சொறிசிரங்கையும் புரையோடிய புண்களையும் கொடுத்தது. மோதல்கள் குண்டுக் காயங்களைக் கொடுத்தன.

சிபில் கத்தோலிக்க பக்தி மிகுந்தவர். கம்யூனிசக் கொள்கைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. வந்தவர்கள் நோயாளிகள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனினும் அவர் அரசியல் அறியாத அப்பாவி என்று எண்ணுவது தவறு. ஜப்பானியர் ஆட்சி ஒழிய வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. சிற்றலை வானொலி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தபோதும் அவர் அதை வைத்திருந்தார். மாடிப்படியின் அடியில் குழி தோண்டி அதில் மறைத்து, ஜோசஃபின் என்று அதற்குப் பெயரும் வைத்தார். இரவில் பி.பி.சி. செய்திகளைக் கேட்டு, போர் எந்த நிலையில் உள்ளது என்பதை நம்பிக்கைக்குரியவர்களுக்கும் போராளிகளுக்கும் தெரிவித்தார். தாதியாகச் செய்த வேலையும் நாட்டுப்பற்றால் செய்த வேலையும் ஒரே வீட்டில், ஒரே இரவில் நடந்தன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது எளிதன்று.

குண்டுக் காயம்பட்ட ஒருவருக்கு என்னென்ன தேவை என்று சிறிது எண்ணிப் பார்க்கலாம். முதலில் இரத்தப்போக்கை நிறுத்த வேண்டும். தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடிப்பதே அதற்குரிய முதல் வழி. முகம் வெளிறுகிறதா, தோல் குளிர்ந்து வியர்க்கிறதா, நாடி விரைந்து மெலிகிறதா என்று பார்க்க வேண்டும். இவை உடலுக்குள் இரத்த ஓட்டம் தளர்வதன் அறிகுறிகள். குண்டை அகற்றுவது மருத்துவரின் வேலை. ஆனால் அதற்கு முன்னரே கருவிகளைக் கொதிக்கும் நீரிலிட்டுத் தூய்மை செய்வதும், கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவுவதும், காயத்தில் ஒட்டிய மண்ணையும் துணி இழைகளையும் அகற்றுவதும் தாதியின் பொறுப்பு. குண்டு துளைத்த காயத்தில் துணியும் அழுக்கும் உள்ளே இழுத்துச் செல்லப்பட்டிருக்கும். அவற்றை விட்டுவிட்டு மேலே தைத்து மூடினால் சதை அழுகும். காற்றுப்படாத இடத்தில் வளரும் கிருமிகள் உயிரைக் குடிக்கும். அதன் பின்னர் ஒவ்வொரு நாளும் கட்டை அவிழ்த்துப் பார்த்து, சிவப்பு பரவுகிறதா, வீக்கம் கூடுகிறதா, நாற்றம் மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். சல்பா மருந்துகள் போருக்கு முன்னரே வந்துவிட்டன. ஆனால் முற்றுகையிடப்பட்டது போன்ற ஒரு நாட்டில் அவை எவ்வளவு நாள் இருப்பிலிருக்கும்? பென்சிலின் அப்போது மலாயாவில் இல்லை. மருந்து குறையக் குறைய, கொதிநீரும் சோப்பும் கூர்ந்த கண்களுமே கைகொடுத்தன.

ஈப்போ மருத்துவமனையிலானால் இவ்வளவும் வெளிச்சத்தில் நடந்திருக்கும். பாபானில் விளக்கின் ஒளி வெளியே தெரியக்கூடாது. வலியால் துடிப்பவர் குரல் எழுப்பக்கூடாது. இரத்தம் தோய்ந்த துணிகள் விடியுமுன் மறைய வேண்டும். மறுநாள் காலையில் அதே கைகள் ஊராருக்கு மருந்து கொடுக்க வேண்டும். முகத்தில் இரவின் களைப்புக்கூடத் தெரியக்கூடாது. கணவரும் மகன் வில்லியமும் மகள் ஓல்காவும் இந்த மறைவான வாழ்க்கைக்குத் துணை நின்றனர். டானுக்கு அப்போது ஆறு வயது.

இங்கே தாதித் தொழிலின் மற்றோர் அடிப்படை நெறியைச் சொல்ல வேண்டும். நோயாளி தாதியிடம் உடலை மட்டும் ஒப்படைப்பதில்லை. தன்னைப் பற்றிய செய்திகளையும் ஒப்படைக்கிறார். அவற்றைப் பிறரிடம் வெளியிடக்கூடாது. 1893இல் அமெரிக்காவில் எழுதப்பட்டு, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் வழங்கும் தாதியர் உறுதிமொழியிலேயே இந்நெறி இடம்பெற்றுள்ளது. இன்று மருத்துவமனையில் இந்நெறியை மீறினால் புகார் வரும், விசாரணை நடக்கும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு என்ன நோய் என்று கேட்கும் உறவினரிடம் புன்னகையோடு மறுத்துவிட்டு நகர்வதோடு பெரும்பாலான தாதியரின் சோதனை முடிந்துவிடும். சிபிலிடம் அதே கேள்வியைக் கேட்டவர்கள் கெம்பித்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவக் காவல் படையினர்.

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் செய்தி கசிந்தது. குடும்பத்தினர் கைது செய்யப்பட்டனர். காட்டுக்குள் சென்று மறைந்துகொள்ளச் சிபிலுக்கு வழி இருந்தது. தாம் தப்பினால் குடும்பமும் பாபான் மக்களும் பழிவாங்கப்படுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஜப்பானியர் ஓர் ஆளைப் பிடிக்க முடியாதபோது ஊரையே தண்டித்த நிகழ்ச்சிகள் அப்போது அரிதல்ல. அவர் வீட்டிலேயே இருந்தார்.

ஈப்போவில் அவரை விசாரித்தவர்களில் முதன்மையானவர் சார்ஜண்ட் யோஷிமுரா. யார் யார் சிகிச்சைக்கு வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், வானொலிச் செய்திகளை யாருக்குச் சொன்னீர்கள் என்பவையே கேள்விகள். அடித்தார்கள், வாய்வழியே நீரைப் புகட்டி வயிற்றை மிதித்தார்கள், நெருப்பால் சுட்டார்கள். முதுகெலும்பு சிதைந்தது. தாடையில் விழுந்த ஓர் அடி ஆறாத காயமாயிற்று. சித்திரவதைகளை விரிவாக எழுதுவதில் பயனில்லை; அவை எதற்காக நடந்தன என்பதை மறவாதிருந்தால் போதும். அவர்கள் கேட்ட பெயர்கள் கிடைத்திருந்தால், அப்பெயருக்குரியோரும் அவர்களுக்குச் சோறிட்ட குடும்பங்களும் உயிரோடிருக்க வழியில்லை.

சிபிலின் உடல் பணியவில்லை என்று கண்டபோது டானை அழைத்து வந்தனர். தாயின் கண்ணெதிரே அச்சிறுமியைக் கயிற்றால் கட்டி மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்ட முற்பட்டனர். சொல்லிவிட்டால் குழந்தை பிழைக்கும். இல்லையேல் எரியும் என்பதே நிபந்தனை.

சிபில் சொல்லவில்லை. ஜப்பானிய மேலதிகாரி ஒருவர் தலையிட்டதால் டான் இறக்கிவிடப்பட்டு உயிர் பிழைத்தாள்.

இந்நிகழ்ச்சியைப் படிப்போர் பலர் உடனே வியந்து போற்றுவார்கள். சிலர் தயங்குவார்கள். ஒரு தாய் தன் குழந்தையைக் காப்பாற்றுவதற்காகப் பேசியிருந்தால் அவரைக் குறைகூற எவருக்கு உரிமை உண்டு? அந்த அதிகாரி வந்திருக்காவிட்டால் இக்கதையை எப்படிச் சொல்வோம்? இக்கேள்விகளைத் தள்ளிவிட்டுப் பாராட்டுவது எளிது. ஆனால் அது சிபிலுக்குச் செய்யும் நியாயமாகாது. மரத்தில் தொங்கியது ஒரு குழந்தை. அவர் வாய் திறந்திருந்தால் சாகக்கூடிய பிள்ளைகள் எத்தனை என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர்களில் பலருடைய காயங்களைத் தம் கையால் கட்டியவர் அவர். அவ்வளவு பெரிய கணக்கை அவ்வளவு சிறிய நேரத்தில் எந்த மனமும் போட்டுப் பார்த்திருக்க முடியாது. நீண்ட நாள் பழகிப்போன ஒன்றே அப்போது அவரைத் தாங்கியிருக்க வேண்டும்.

மாதங்கள் கடந்தபின் வழக்கு நடந்தது. குற்றச்சாட்டுகள் மூன்று: எதிரிக்காக உளவு பார்த்தது, கெரில்லாப் போராளிகளுக்கு மருத்துவ உதவியும் பிற உதவிகளும் செய்தது, வானொலி வைத்திருந்து எதிரியின் செய்திகளைக் கேட்டுப் பரப்பியது. இரண்டாவது குற்றச்சாட்டு எண்ணிப் பார்க்கத்தக்கது. நோயுற்றவருக்கு மருந்திட்டது ஒரு தாதிமீது குற்றமாக எழுதப்பட்டது. சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கணவரும் வில்லியமும்கூடச் சிறைப்பட்டனர்.

அவர் அடைக்கப்பட்ட பத்து காஜா சிறையில்தான், போராளித் தலைவர் லிம் போ செங் 1944 ஜூன் மாதம் உயிர்நீத்தார். அங்கே சிபிலால் எழுந்து நடக்க இயலவில்லை. முதுகெலும்பு சிதைந்து படுக்கையில் கிடப்பவரை எப்படிப் பேண வேண்டும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் அச்சிறையில் இருந்திருக்க மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் எலும்பு துருத்தும் இடங்களில் தோல் இற்றுப் படுக்கைப்புண் உண்டாகும். விரிப்பு ஈரமின்றியும் சுருக்கமின்றியும் இருக்க வேண்டும். வாயைத் தூய்மையாக வைக்க வேண்டும். தாடையில் காயம் இருந்தால் இது இன்னும் முக்கியம். புரதமுள்ள உணவும் போதிய நீரும் வேண்டும். இத்தனையையும் நூற்றுக்கணக்கானோருக்குச் செய்தவருக்கு அவற்றைச் செய்து கொடுக்க அங்கே ஒருவரும் நியமிக்கப்படவில்லை. தாடையின் காயம் உள்ளுக்குள் புரையோடியபடி இருந்தது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிபில் விடுதலையானார், கணவரும் பிள்ளைகளும் உயிரோடிருந்தனர். அவருடைய உடல்நிலையைக் கண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரை விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினர். அங்கே பல முறை சிகிச்சை நடந்தது. வீரச் செயலுக்காக வழங்கப்படும் ஜார்ஜ் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. மலாயாப் பெண்களில் அப்பதக்கத்தைப் பெற்றவர் அவர் ஒருவரே என்பர். யோஷிமுரா போர்க் குற்றவாளியாக விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

நோய்ப்படுக்கையிலிருந்தபடியே சிபில் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். நூல் அவர் உயிரோடிருந்தபோது வெளிவரவில்லை. தாடை எலும்பில் தங்கியிருந்த நோய்க்கிருமிகள் இரத்தத்தில் கலந்தன. ஐந்தாண்டுகளுக்கு முன் விழுந்த ஓர் அடி, போர் முடிந்து மூன்றாண்டுகள் கழித்து அவரைக் கொன்றது எனலாம். 1948 ஜூன் மாதம் அவர் காலமானார். வயது 48. ஸ்காட்லாந்தில் லானார்க் என்னுமிடத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டு அது ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்துள்ள கத்தோலிக்க இடுகாட்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

அந்த 1948 ஜூன் மாதம் மலாயா வரலாற்றில் வேறொன்றுக்காகவும் நினைவுகூரப்படுகிறது. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது அம்மாதத்தில்தான். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்டவர்களுள் பலர் மீண்டும் காட்டுக்குள் சென்றனர். இம்முறை பிரிட்டிஷ் அரசுக்கு எதிராக. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் நாடு அச்சத்தில் வாழ்ந்தது. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களும் அந்த அச்சத்துக்கு விலக்கல்ல. சிபில் காப்பாற்றிய இளைஞர்களில் சிலர் பின்னாளில் துப்பாக்கி ஏந்தி எந்தப் பக்கம் நின்றார்கள் என்று எவரும் விரும்பிக் கேட்கவில்லை. அவருடைய பெயர் நெடுங்காலம் பரவலாகப் பேசப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்டுப் போடும்போது நோயாளியின் எதிர்காலம் தாதிக்குத் தெரிவதில்லை. தெரிந்திருந்தாலும் கட்டைப் போடாமல் விட அவருக்கு உரிமை இல்லை.

மலாயாவில் 1950ஆம் ஆண்டில் தாதியர் சட்டம் வந்தது. தாதியாகப் பணிபுரிவோர் பதிவு பெற வேண்டும் என்பதை அது உறுதி செய்தது. அனைத்துலகத் தாதியர் மன்றம் தனது முதல் ஒழுக்க நெறித் தொகுப்பை 1953இல் ஏற்றுக்கொண்டது. இனம், சமயம், அரசியல் ஆகியவற்றைப் பாராமல் சேவை செய்வதும், நோயாளியின் இரகசியம் காப்பதும் இன்று தாதிப் பயிற்சிக்குச் சேரும் மாணவர்கள் முதல் தவணையிலேயே படித்து, தேர்வில் எழுதும் விதிகள். சிபில் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து அத்தொகுப்பு வந்தது. அவருடைய நினைவுக் குறிப்புகள் அதற்கு அடுத்த ஆண்டு, 1954இல், நோ டிராம் ஆஃப் மெர்சி என்னும் தலைப்பில் இலண்டனில் நூலாக வெளிவந்தன.

பாபானில் இப்போது ஆரவாரம் இல்லை. ஈயம் தீர்ந்தது, மக்கள் வெளியேறினர், கடைத்தெருவின் பழைய கட்டடங்கள் பல பாழடைந்து கிடக்கின்றன. 74ஆம் எண் வீடு மட்டும் சிபிலின் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. தானா ராத்தாவிலிருந்து செல்வோர் சிம்பாங் பூலாயில் இறங்கி, ஈப்போவைக் கடந்து, பத்து காஜா இருக்கும் திசையில் இன்னும் சிறிது தூரம் போனால் அவ்வீட்டை அடையலாம். ஜோசஃபினை மறைத்து வைத்த குழி மாடிப்படியின் அடியில் இருக்கிறது. பின்கதவு குன்றுகளை நோக்கித் திறக்கிறது.